தங்கவயல் டைரி: சுரங்கம் மூடியும் ஊர் மூடல

வெள்ளி ராத்திரி

ராபர்ட்சன்பேட்டைல ரூம் கிடைச்சிருச்சு. பெங்களூர்ல இருந்து கிழக்கால சுமார் 100 கிலோமீட்டர் தான், பங்காருப்பேட்டை தாண்டி உள்ள வந்தா கோலார் தங்கவயல், ஊர்க்காரங்க வாயில கேஜிஎஃப். கர்நாடகா தான், ஆனா பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுல இருந்து காதுல விழறது முக்காவாசி தமிழ், அதுவும் நம்ம வட ஆற்காடு பக்கத்து தமிழ், "இன்னாபா", "வந்துகினு இருக்கான்", "போய்க்கினே இரு" எல்லாம் அப்படியே இருக்கு, தாத்தா பாட்டி கொண்டு வந்த பேச்சை நாலு தலைமுறையா விடாம வச்சிருக்காங்க.

வர்றதுக்கு முன்னாடி படிச்சதுல பாதி பேர் இதை பேய் நகரம்னு தான் எழுதியிருந்தாங்க. சாயங்காலம் எம்.ஜி. மார்க்கெட்டை ஒரு சுத்து சுத்தினதுலயே அது எவ்ளோ தப்புனு தெரிஞ்சுது. கறிக்கடை, பூக்கடை, துணிக்கடை எல்லாம் ஓடுது, பேரம் பேசற சத்தம் காதை அடைக்குது. ஊருக்கு சோறு போட்ட தங்கச் சுரங்கக் கம்பெனி மூடி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்புறமும் இவ்ளோ பேர் இங்க எப்படி இருக்காங்க, எதை வச்சு வீட்டுல அடுப்பு எரியுது, நான் பாக்க வந்தது அதைத்தான்.

ஒண்ணு கவனிச்சேன். மத்தியானம் வந்து இறங்கினப்ப தெருவுல வயசானவங்க, ஸ்கூல் பசங்க, வீட்டு வாசல்ல அரிசி பொடைக்கற அம்மாங்க, அவ்ளோதான், வேலை வயசுல இருக்கற ஆளுங்களையே காணோம். ராத்திரி எட்டு எட்டரைக்கு மேல திடீர்னு தோள்ல பேகு, கைல டிபன் கேரியர்னு கூட்டம் கூட்டமா வர ஆரம்பிச்சாங்க. லாட்ஜ்காரர் கிட்ட கேட்டா, "எல்லாம் பெங்களூரு வேலைக்கு போயிட்டு வர்றவங்க சார், காலைல நீங்க எழுந்துக்கறதுக்குள்ள மறுபடி போயிருப்பாங்க"னு சொன்னாரு.

இந்த ஊரு தெரியாதவங்களுக்காக கொஞ்சம் பழைய கதை. 1802லயே ஜான் வாரன்னு ஒரு பிரிட்டிஷ் லெப்டினன்ட், இங்க கிராமத்து ஜனங்க மண்ணை அலசி தங்கம் எடுக்கறதை பாத்து எழுதி வச்சாரு. 1870கள்ல லாவெல்னு பெங்களூர்ல இருந்த ஒரு ஐரிஷ் ரிட்டயர்டு சிப்பாய் மைசூர் அரசுகிட்ட லைசென்ஸ் வாங்கி தோண்டி பாத்தாரு, ஆனா சுரங்கம்னு நிலைச்சு ஓட ஆரம்பிச்சது 1880ல லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கைக்கு வந்தப்புறம் தான். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துல இருந்து ஜனங்க வந்தாங்க, பெரும்பாலும் நிலம் இல்லாத தலித் குடும்பங்க, ஊர்ல பண்ணையார் வாசல்ல கைகட்டி நிக்கறதுக்கு பூமிக்கு அடியில போறது மேல்னு முடிவு பண்ணி வந்தவங்க. 1902ல சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்துல இருந்து கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் லைன் இழுத்து இங்க கரன்ட் கொண்டு வந்தாங்க, பெங்களூர் தெருவுக்கு லைட்டு வந்ததே அதுக்கப்புறம் 1905ல தான். சுமார் 120 வருஷத்துல இங்க இருந்து போன தங்கம் 800 டன் கிட்ட. ஆரம்பத்துல ஒரு டன் கல்லை அரைச்சா 47 கிராம் வரைக்கும் கிடைச்சுது, கடைசில அது 3 கிராம் பக்கம் வந்துருச்சு, ஆழமோ 3 கிலோமீட்டரை தாண்டிருச்சு. 2001 பிப்ரவரி 28, மூடிட்டாங்க.

சனி

காலைல சாம்பியன் ரீஃப்ஸ்ங்கற பழைய சுரங்கம் பக்கம் நடந்தேன். ஷாஃப்ட்னா பூமிக்குள்ள நேரா இறங்கற குழி, அது மேல ஆளுங்களை இறக்கற கேஜை தொங்கவிட்ட இரும்புக் கோபுரம், ஹெட்கியர், துருப்பிடிச்சு அப்படியே நிக்குது, சுத்தி வேலி, உள்ள விட மாட்டாங்க, விடாததும் சரி தான், அடியில பூரா தண்ணி ரொம்பி கிடக்கு. டீக்கடைல ஒரு பெரியவர் கிட்ட பேச்சு குடுத்தேன். பாறைல துளை போடற டிரில்லரா இருந்தவராம், அவங்க அப்பாவும் மைன்ல, தாத்தாவும் மைன்ல. நான் கேக்க கேக்க மனுஷன் சலிக்காம சொன்னாரு.

"கேஜ்ல ஏறினா காது அடைச்சிக்கும் தம்பி. ஒரே கேஜ்ல அடிக்கு போக முடியாது, ஒண்ணுல எறங்கி இன்னொண்ணு ஏறி போவணும். கீழ கல்லை தொட்டா சுடும். சட்டை போட்டுகினு எவனும் வேலை செய்ய மாட்டான்." ரொம்ப ஆழத்துல பாறையோட சூடு 60 டிகிரிக்கு மேல, அதனால காத்தை குளிர வச்சு கீழ அனுப்பறதுக்குனே மேல பிளான்ட் போட்டிருந்தாங்க. அப்புறம் ஏர் பிளாஸ்ட் பத்தி சொன்னாரு. ஆழத்துல பாறை மேல இருக்கற அழுத்தம் தாங்காம திடீர்னு வெடிச்சு சிதறும், அதைத்தான் இங்க ஏர் பிளாஸ்ட்னு சொல்றாங்க. "மேல லைன் வீட்டுல சட்டி பானை உருளும் தம்பி. உருண்டுச்சுனா பொம்பளைங்க போட்டது போட்டபடி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும், யார் வீட்டு ஆளு வெளிய வர்றான்னு பாக்க." சுரங்கம் மூடி தண்ணி ஏறினப்புறமும் சின்ன சின்ன அதிர்வு வந்துகினு தான் இருந்துச்சாம்.

நான் அவர்கிட்ட அந்த மூடின நாள் எப்படி இருந்துச்சுனு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னது தான் இன்னிக்கு பூரா மண்டைல ஓடுது. "எல்லாரும் 2001 2001ன்றாங்க. எங்களுக்கு எண்பதுலயே தெரியும். புதுசா ஆளு எடுக்கறது கொறைஞ்சுது. அப்பன் செத்தா புள்ளைக்கு வேலைனு இருந்தது இழுத்துகினே போச்சு. ஒரு பக்கம் மூடினான், அப்புறம் இன்னொரு பக்கம். மிஷினு ரிப்பேர் ஆனா பார்ட்ஸ் வராது. சம்பளம் லேட்டு. அதுக்கு பேரு மூடறது இல்லியா?" அவர் தன் பையனை மைன் பக்கமே விடலையாம், ஐடிஐ படிக்க வச்சு பெங்களூருக்கு அனுப்பிட்டாரு.

எனக்கு இது பெரிய விஷயமா படுது. வெளிய இருக்கற நாம ஒரு தொழில் நகரம் விழுந்துச்சுனா ஒரு தேதியை சொல்றோம், பேப்பர்லயும் அந்த தேதி தான் வரும். உள்ள இருக்கறவங்களுக்கு அது 20, 25 வருஷம் நீளமான விஷயம், ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு கொறையும், ஒவ்வொண்ணுக்கும் பழகிக்கணும், அதுக்கு நடுவுல தான் பொண்ணுக்கு கல்யாணம், பையனுக்கு காலேஜ், வீட்டுக்கு ஓடு மாத்தறது எல்லாம்.

1956ல மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கிச்சு, 1962ல மத்திய அரசு, 1972ல பாரத் கோல்டு மைன்ஸ்னு பேரு வச்சாங்க. அதாவது வெள்ளைக்காரன் நல்ல கல்லை எல்லாம் எடுத்து முடிச்சு ஆழமும் செலவும் ஏறினப்புறம் தான் இது நம்ம கைக்கு வந்துச்சு. எடுத்த தங்கத்தையும் ரொம்ப காலம் சர்வதேச விலைக்கு தான் அரசுக்கு குடுக்கணும், உள்ளூர் மார்க்கெட் விலை அதைவிட மேல. நஷ்டக் கம்பெனினு பேரு மட்டும் தொழிலாளி தலைல விழுந்துச்சு, இதை நான் கோவமா தான் எழுதறேன்.

மூச்சு பத்தி பேச்சு வந்தப்ப பெரியவர் நெஞ்சை தட்டி காட்டினாரு. கல்லுத்தூள் நுரையீரல்ல போய் உக்காந்துக்கற சிலிகோசிஸ். 1940கள்ல இங்க 7,653 தொழிலாளிங்களை சோதிச்சு பாத்ததுல 43.7 சதவீதம் பேருக்கு அது இருந்துச்சுனு ஆய்வு இருக்கு, இந்தியாவுல இந்த நோயை பத்தி பேசறவங்க எல்லாம் இன்னிக்கும் சொல்ற ஆய்வு. நூத்துல நாப்பத்தி நாலு பேர். தெருவுல கிட்டத்தட்ட ஒரு வீடு விட்டு ஒரு வீடுனு வச்சுக்கோங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இங்க நிறைய பேருக்கே தெரியாது. இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல 2 கிலோமீட்டருக்கும் கீழ கருவி வச்சு தான் 1965ல வளிமண்டல நியூட்ரினோங்கற, பாறையையே துளைச்சுக்கிட்டு போற நுண்துகளை கண்டுபிடிச்சாங்க, டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான் பிரிட்டன் விஞ்ஞானிங்களும் சேர்ந்து. அந்த கருவியை எல்லாம் கீழ இறக்கி வைக்க வழி பண்ணது இந்த ஊரு தொழிலாளிங்க கை. அவ்ளோ ஆழத்துல வேலை செய்யத் தெரிஞ்ச ஒரு ஊரோட திறமையை யாருமே எடுத்துக்காம விட்டுட்டோம்.

ஞாயிறு

ஊரு நிறைஞ்ச மாதிரி இருக்கு. வாரம் பூரா காணாம போனவங்க எல்லாம் வீட்டுல. தெருவுல துணி காயுது, பைக்கை கழுவறாங்க, சர்ச் மணி, கல்யாண வீட்டு மைக்செட், பசங்க ஃபுட்பால். ஒரு வாரத்து குடும்ப வாழ்க்கையை ஒரே நாள்ல முடிக்கணும் அவங்களுக்கு.

லைன் வீடுங்க பக்கம் போனேன். வரிசை வரிசையா கம்பெனி கட்டின சின்ன வீடு, அந்த காலத்துல மூங்கில் தட்டி சுவரு, தகரக் கூரை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஜனங்களே செங்கல் வச்சு கட்டிக்கிட்டாங்க. நிறைய வீட்டுல சிமெண்ட் பூசி, டைல்ஸ் போட்டு நல்லா வச்சிருக்காங்க, ஆனா பட்டா விஷயம் இன்னும் எல்லாருக்கும் முடியல, "சொந்த வீடுனு சொல்லிக்கலாம் தம்பி, பேங்க்ல காட்ட முடியாது"னு ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் மைன்ல ஃபிட்டரா இருந்தவரு, இப்ப இல்ல. மூடறப்ப வந்த செட்டில்மென்ட் பணம் என்னாச்சுனு தயங்கி தான் கேட்டேன். பெரிய பொண்ணு கல்யாணம், பழைய கடன், மிச்சத்துல ஆட்டோ ஒண்ணு, அவ்ளோதானாம். பாக்கி வரணும்னு இன்னும் கேஸ், மனுனு அலையறவங்களும் அந்த தெருவுல இருக்காங்க.

அந்த அம்மா பேசப்பேச தான் எனக்கு முழுசா புரிஞ்சுது. கம்பெனி போனப்ப போனது சம்பளம் மட்டும் இல்ல. தண்ணி கம்பெனி தண்ணி, பேத்தமங்கலம் ஏரில இருந்து வரும். கரன்ட் கம்பெனி கரன்ட். உடம்புக்கு முடியலைனா கம்பெனி ஆஸ்பத்திரி, சுத்துப்பட்டுல அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. ஸ்கூல், கிரவுண்ட், தெரு லைட்டு, சாக்கடை, எல்லாமே கம்பெனி. ஒரு நாள் அவங்க போனா முனிசிபாலிட்டி வந்து அதை எல்லாம் எடுத்துக்கும்னு யாரோ எங்கயோ பேப்பர்ல எழுதியிருப்பாங்க, நடந்தது வேற. கழிவறை விஷயம் ரொம்ப கொடுமை. கம்பெனி காலத்து பொதுக் கக்கூஸ், குழி கக்கூஸ் எல்லாம் பராமரிக்க ஆள் இல்லாம போய், அதை கையால அள்ளற நிலைமை இங்க மூடினப்புறமும் பல வருஷம் இருந்துச்சு, 2011ல குழியில இறங்கினவங்க செத்துப்போனப்புறம் தான் வெளி உலகம் திரும்பி பாத்துச்சு. தங்கம் எடுத்தவங்களோட பேரப்பசங்களுக்கு அந்த வேலை. அதைப்பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு கை வரல.

சாயங்காலம் சயனைடு மேட்டு பக்கம். கல்லை மாவா அரைச்சு சயனைடு போட்டு தங்கத்தை பிரிச்சப்புறம் மிஞ்சின சக்கை, நூறு வருஷமா கொட்டி கொட்டி மலையாட்டம் நிக்குது, 13 மேடு, மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல. தூரத்துல இருந்து அழகா தான் இருக்கு, மழைத்தண்ணி அறுத்த பள்ளம் பள்ளமா, போட்டோ எடுக்க வெளியூர் பசங்க வந்திருந்தாங்க. ஆனா காத்து அடிச்சா அந்த தூள் நேரா வீட்டுக்குள்ள. மூடி வைக்காம சோறு வைக்க முடியாதுனு சொல்றாங்க. அப்பனுக்கு கீழ போன தூசி புள்ளைக்கு மேலயே கிடைக்குது. இந்த மேட்டுல மிச்சமிருக்கற தங்கத்தை மறுபடி எடுக்கலாம்னு 2024ல கர்நாடக அமைச்சரவை சம்மதம் குடுத்துச்சு. டீக்கடைல இதை கேட்டா ரெண்டு கட்சி. வேலை வரும்னு நம்பறவங்க, "வருஷா வருஷம் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் இதையே கேட்டுட்டோம்"னு சொல்றவங்க. எனக்கு ரெண்டாவது கட்சி மேல தப்பு சொல்ல தோணல. அப்படியே எடுத்தாலும் மிஷின் தான் அள்ளும், ஆள் கொஞ்சம் போதும், அந்த கொஞ்சத்துலயாவது இந்த லைன் வீட்டு பசங்க இருக்கணும்னு கையெழுத்துல வரணும். தூசிக்கு என்ன பண்ணுவாங்கனும் அதே பேப்பர்ல வரணும்.

ஆனா இந்த ஊரை பாவப்பட்ட ஊரா மட்டும் காட்டிட்டு போனா அது நியாயம் இல்ல. தலித் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதர் ஆரம்பிச்ச பௌத்த சங்கம் இங்க வேர் விட்டுச்சு, அவர் நடத்தின தமிழன் பத்திரிகையை 1920கள்ல அவர் வழியில வந்த அப்பாதுரையார் இங்க இருந்து தான் மறுபடி கொண்டு வந்தாரு. 1930ல கைரேகை பதிவு பண்ணணும்னு கம்பெனி சொன்னப்ப ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க வேலைக்கு போகாம உக்காந்து அந்த உத்தரவையே திரும்ப வாங்க வச்சாங்க. 1954ல அம்பேத்கர் வந்தாரு. கர்நாடகத்துல இருந்துக்கிட்டே கம்யூனிஸ்ட், ரிபப்ளிகன், அதிமுகனு எம்எல்ஏ அனுப்பின தொகுதி இது. ஷிஃப்ட் பூரா பாதாளத்துல இருந்துட்டு வந்து படிச்சிருக்காங்க, கூட்டம் போட்டிருக்காங்க, பசங்களை காலேஜுக்கு அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு இந்த ஊரு நின்னுக்கிட்டு இருக்குனா அந்த படிப்பு தான் காரணம்னு நான் நம்பறேன்.

திங்கள்

மாரிகுப்பம் ஸ்டேஷன், இன்னும் விடியல, பிளாட்ஃபார்ம் ஃபுல். பங்காருப்பேட்டைல இருந்து பிரிஞ்சு சுரங்கத்துக்காக 1890கள்ல போட்ட லைன் இது, மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல்னு ஒவ்வொரு சுரங்கப்பேட்டைக்கும் ஒரு ஸ்டேஷன். தங்கம் போன லைன்ல இப்ப ஆளுங்க போறாங்க.

சீட்டு எல்லாம் கணக்கா இருக்கு, யார் எங்க உக்காரணும்னு வருஷக்கணக்கா முடிவானது. சாம்பியன்ல ஏறறவருக்கு மாரிகுப்பத்துக்காரர் துண்டு போட்டு இடம் பிடிப்பாரு. ஒரு கும்பல் உடனே தூங்கிருச்சு, இன்னொரு பக்கம் சீட்டு ஆட்டம், பொண்ணுங்க இருந்த பக்கம் பூ கட்டறதும் காய் நறுக்கறதும் நடக்குது, ராத்திரி வந்து சமைக்க நேரம் இருக்காதுனு பீன்ஸை ரயில்லயே நறுக்கி கவர்ல கட்டி வச்சுக்கறாங்க.

பக்கத்துல ஒரு அக்கா, கார்மென்ட்ஸ்ல டெய்லர். எதிர்ல செக்யூரிட்டி யூனிஃபார்ம்ல ஒரு அண்ணன், ஜன்னல் ஓரம் ஐடி கம்பெனி ஹவுஸ்கீப்பிங்ல ஒரு பொண்ணு, கதவு கிட்ட நிக்கற பையன் டிப்ளமா மெக்கானிக்கல். அந்த பையனோட பெரியப்பா பெமல்ல பர்மனென்ட். அது இதே ஊர்ல இருக்கற பொதுத்துறை ஃபேக்டரி, மண் வாரற பெரிய மிஷினுங்க செய்யறாங்க, சுரங்கம் போனப்புறம் ஊருக்கு அது தான் மிச்சம் இருக்கற பெரிய வேலை. பையனுக்கு அங்க கான்ட்ராக்ட்ல கொஞ்ச நாள் கிடைச்சுது, பர்மனென்ட் கிடைக்கல, அதான் பெங்களூரு.

கணக்கு போட்டு பாத்தேன். வீட்டு வாசல்ல இருந்து வேலை வாசலுக்கு ஒரு வழி ரெண்டரை மணி நேரம்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், 30 மணி நேரம். சம்பளம் இல்லாம கிட்டத்தட்ட நாலு ஷிஃப்ட். 2001ல இருந்து இந்த ஊரு ஜனங்க அதை குடுத்துக்கிட்டே இருக்காங்க, எந்த கம்பெனி நஷ்டக் கணக்குலயும் அது வராது. பசங்க தூங்கறப்ப கிளம்பி பசங்க தூங்கினப்புறம் வீட்டுக்கு வர்றாங்க, வளர்க்கறது பாட்டிங்க.

"அப்ப பெங்களூர்லயே வீடு பாத்துக்கலாமே அக்கா"னு கேட்டேன். அவங்க கோச்சுக்கல. "வாடகைக்கு ஒண்ணு, அட்வான்ஸுக்கு பத்து மாசம், தண்ணிக்கு தனி. என் சம்பளத்துல பாதி அங்கயே போயிடும். இங்க மாமியார் இருக்காங்கோ, புள்ளையை பாத்துக்கறாங்கோ. தெருவுல ஒரு சாவுனா நூறு பேர் வருவாங்க. அங்க யாரு வருவா?" எதிர்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன் கண்ணை மூடிக்கிட்டே, "சீசன் டிக்கெட்டு இருக்கற வரைக்கும் ஊரு இருக்கும்"னாரு. அந்த டிப்ளமா பையன் மட்டும் ஒத்துக்கல. கல்யாணம் ஆனா ஒயிட்ஃபீல்டு பக்கம் போயிடுவேன், என் புள்ளையை நான் வெளிச்சத்துல பாக்கணும்னு சொன்னான். அக்கா அவனை திட்டல, "போ, போய் நல்லா இரு, பண்டிகைக்கு வந்துடு"னு சொன்னாங்க.

மாலூர் தாண்டினப்ப நல்லா விடிஞ்சுருச்சு. அந்த அக்கா கிட்ட, கேஜிஎஃப்லயே ஒரு கார்மென்ட்ஸ் யூனிட் வந்தா போவீங்களானு கேட்டேன். எவ்ளோ சம்பளம் கொறைஞ்சா பரவாயில்லைனு வீட்டுல ஏற்கனவே பேசி வச்சிருக்காங்க போல, யோசிக்கவே இல்ல, மாசம் மூவாயிரம் கம்மியா குடுத்தாலும் போவேன்னாங்க. அப்புறம் நறுக்கின பீன்ஸ் கவரை பேகுல வச்சுட்டு கே.ஆர்.புரத்துல இறங்க கதவு பக்கம் போனாங்க, அந்த பெட்டில பாதி பேர் அவங்க கூடவே எழுந்தாங்க.